நடக்க விடாத ஊரில் ஒரு வெல்கம் வாக்

1. பிக்அப் பாயிண்ட்

எங்கள் கம்பெனியின் முதல் தருமபுரி நடைக்கு வந்திருந்தவர்கள் இரண்டு பேர்: கைடு என்ற முறையில் நான், கஸ்டமர் என்ற முறையில் டாக்டர் கயல்விழி. வராதவர்கள் மூன்று பேர். நேரில் வந்து கொடியசைத்துத் தொடங்கிவைப்பதாகச் சொன்ன சிட்டி ஹெட் பிரணவ் சார் பெங்களூருவில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆப்பில் படம் போட்டிருந்த ‘ஹெரிட்டேஜ் எக்ஸ்பர்ட்’ வரவில்லை. அப்படி ஒருவரை அதுவரை வேலைக்கே எடுக்கவில்லை. ‘லோக்கல் ஸ்டோரிடெல்லர்’ என்பவரும் வரவில்லை. அந்த ஆளும் நான்தான் என்பது, நாலு ரோட்டில் நின்றுகொண்டு பிரணவ் சாரைப் போனில் எழுப்பிக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இதை எழுதச் சொன்னவரும் அவர்தான். “புதுசா வர்ற கைடுங்களுக்கு உன் எக்ஸ்பீரியன்ஸ எழுதிக் குடு சரவணா. இன்ஸ்பைரிங்கா இருக்கணும்” என்றார். நான் நடந்ததை எழுதுகிறேன். மற்றதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

புதிதாகச் சேருகிறவர்களுக்காக வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை மாறுதலாகி ஒரு ஊருக்குப் புதிதாக வருகிறவர் ஆப்பில் பணம் கட்டினால், உள்ளூர் ஆள் ஒருவர் கூடவே நடந்து ஊரைக் காட்டுவார். தனி நடை, வேறு கூட்டம் சேராது. பேக்கேஜின் பெயர் வெல்கம் வாக். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.ஏ. முடித்து, டூரிசம் டிப்ளமோவும் முடித்து, வேலை கிடைத்துவிட்டது என்று காரிமங்கலத்தில் வீட்டில் போய்ச் சொன்னேன்.

“என்னா வேலைடா?” என்றார் அம்மா.

“ஊருக்குப் புதுசா வர்றவங்களோட நடக்கற வேலைம்மா.”

“நடக்கறதுக்கா இத்தன வருசம் படிச்ச?”

இதற்குப் பதில் என் டிப்ளமோ பாடத்தில் இல்லை.

2. ஐஸ்பிரேக்கர்

நடைக்கு ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. பெங்களூருவில் எழுதியது. எழுதியவர் தருமபுரியை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அதுவும் தூங்காமல் இருந்திருந்தால். முதல் பக்கத்திலேயே ஐஸ்பிரேக்கர். கஸ்டமரிடம் மூன்று கேள்வி கேட்டு நெருக்கத்தை உண்டாக்க வேண்டும்: சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், குலதெய்வம் எது. மூன்றாவது கேள்விக்குப் பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றை அச்சடித்திருந்தார்கள்.

நான் வரிசையாகக் கேட்டேன். ஊர் மன்னார்குடிப் பக்கம் என்றார் டாக்டர். அப்பா விவசாயக் கூலி என்றார். மூன்றாவதைக் கேட்டதும், விரிக்கப் போன குடையை மடக்கிக்கொண்டார்.

“தம்பி, இத நீங்க கேக்குறீங்களா, கம்பெனி கேக்குதா?”

“கம்பெனிதாங்க மேடம். ஸ்கிரிப்ட்ல இருக்குது.”

“ரெண்டு புரோக்கரு போன்லயே கேட்டுட்டாங்க. அவங்களாவது ஓசியில கேட்டாங்க. உங்களுக்கு நான் பணம் கட்டியிருக்கேன்.”

ஐஸ் உடையவில்லை. இன்னும் கெட்டியானது.

பிறகு அவரே விஷயத்தைச் சொன்னார். அரசு கால்நடை மருத்துவர். திங்கட்கிழமை டூட்டியில் சேர வேண்டும். தங்கியிருந்த லாட்ஜில் ஒரு கல்யாண பார்ட்டிக்காக மறுநாள் காலை ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் ஒரு வாடகை வீடு பிடித்தாக வேண்டும். புரோக்கர்கள் வீட்டைக் காட்டுவதற்கு முன்னாலேயே ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று கேட்டதால், நேரில் நடந்து தேடலாம் என்று எங்கள் ஆப்பில் புக் செய்திருக்கிறார்.

“கோயில், கோட்டையெல்லாம் அப்புறம் பாத்துக்குறேன். டூ-லெட் போர்டு தொங்குற தெருவாப் பாத்து நடங்க” என்றார்.

கஸ்டமர் கேட்டால் ரூட்டை மாற்றலாம் என்று ஸ்கிரிப்ட்டில் இருக்கிறது. மாற்றினேன்.

3. ட்ராக்கிங்

எங்கள் ஊரில் வண்டி வைத்திருப்பவர் யாரும் நடக்க மாட்டார். ஒருவர் நடந்தால், அதுவும் நல்ல சேலை கட்டிக் குடை பிடித்துக்கொண்டு நடந்தால், அவருக்கு ஏதோ கஷ்டம் என்று அர்த்தம். கஷ்டத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டு ஊர் சும்மா இருக்காது. பென்னாகரம் ரோட்டில் திரும்புவதற்குள் நாலைந்து பைக்குகளும் ஒரு ஆட்டோவும் பக்கத்தில் வந்து நின்றுவிட்டன.

“ஏன் தம்பி, மேடத்த நடக்க வெச்சுக் கூட்டினு போற? வண்டி பஞ்சரா?” என்று பைக்கில் வந்த ஒருவர் கேட்டார்.

“இல்லீங்க. நடக்கறதுக்குத்தான் வந்துருக்காங்க.”

“சுகரா?”

“இல்லீங்க, ஊரு பாக்கறாங்க. நடந்து பாக்கறதுக்குப் பணம் கட்டியிருக்காங்க.”

“நடக்கறதுக்குப் பணமா! யாருகிட்ட கட்டுனாங்க?”

“எங்ககிட்டதாங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினார். “போலீஸ்ல சொல்லிட்டீங்களா மேடம்?”

டீக்கடைக்காரர், வெளியூர் ஆள் என்று தெரிந்ததும் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். பூ விற்கிற அக்கா ஒரு முழத்தைக் கிள்ளி அவராகவே டாக்டரின் தலையில் வைத்துவிட்டார். தக்காளி மண்டி வைத்திருக்கும் ராஜமாணிக்கம் என்பவர் மினி லாரியைக் குறுக்கே நிறுத்தி, நாங்கள் வாயைத் திறக்குமுன் இரண்டு கிலோ தக்காளியை ஒரு பையில் போட்டு நீட்டினார். டாக்டர் வீடு தேடுகிறார் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“வூடா? நம்ம வூட்டு மாடியே காலியாத்தான்ங்க கெடக்குது. ஏறுங்க டாக்டரம்மா.”

ஏறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் பிரணவ் சார் கூப்பிட்டார்.

“சரவணா, ட்ராக்கிங்ல நாப்பது கிலோமீட்டர் ஸ்பீடு காட்டுது. ஓடறீங்களா?”

“லிஃப்ட் குடுத்துட்டாங்க சார்.”

“இது வாக், சரவணா. வாக். பொலைட்டா நோ சொல்லு.”

“சொன்னேன் சார். மேடத்த முன்னாடி ஏத்திட்டு, என்னையக் கையப் புடிச்சுத் தூக்கித் தக்காளி கிரேட்டு மேல உக்கார வெச்சுட்டாங்க.”

“எமோஷனல் கனெக்ட் நல்லா இருக்கு. மெயின்டெய்ன் பண்ணு” என்று வைத்துவிட்டார்.

4. ராஜமாணிக்கத்தின் மாடி

மாடி நன்றாக இருந்தது. இரண்டு அறை, சமையல்கட்டு, துணி காயப்போட இடம். வாடகை ஏழாயிரம், அட்வான்ஸ் மூன்று மாதம். “டாக்டருக்குக் குடுக்காம யாருக்குங்க குடுக்கப் போறோம்?” என்றார் ராஜமாணிக்கம். அவருடைய மனைவி காபி கொண்டுவந்தார். டாக்டர் டம்ளரைக் கீழே வைக்குமுன் கொல்லையிலிருந்து மாட்டையும் கொண்டுவந்துவிட்டார்கள். மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லையாம்.

டாக்டர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாட்டைச் சுற்றி வந்து பார்த்தார். “எப்ப கத்துச்சு, எப்ப ஊசிக்குக் கூட்டிட்டுப் போனீங்க?”

“காலைல கத்துச்சுங்க. மண்டி வேலையெல்லாம் முடிச்சுட்டு மறுநாளு ஓட்டினு போனோம்.”

“அதான். காலையில கத்துனா அன்னைக்குச் சாயந்தரமே போடணும். நீங்க மண்டிய முடிச்சுட்டுப் போற வரைக்கும் அதுக்குப் பருவம் காத்துக்கிட்டு இருக்காது.”

மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே கையைக் கழுவினார். வீடு முடிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன். மனதுக்குள் அடுத்த ஸ்டாப்பாகக் கோட்டைக் கோயிலைப் போட்டுவிட்டேன்.

“டாக்டரம்மாவுக்கு எந்த ஊருங்க?” என்று ஆரம்பித்தார் ராஜமாணிக்கம்.

“மன்னார்குடிப் பக்கம்.”

“மன்னார்குடில?”

“பக்கத்துல ஒரு கிராமம்.”

“கிராமத்துல எந்தத் தெருங்க?”

மன்னார்குடியை மேப்பில்கூடப் பார்த்திராதவருக்கு, அந்தப் பக்கத்துக் கிராமத்தின் தெரு எதற்கு? டூரிசம் டிப்ளமோவில் ‘உள்ளூர் மக்களின் இயல்பான ஆர்வம்’ என்று ஒரு பாடமே இருந்தது. அது இதுதான்.

“சின்னத் தெருதாங்க” என்றார் டாக்டர்.

“குலதெய்வம்?”

“அது அப்பப்ப மாறும்ங்க. எந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபர் போடுறாங்களோ, அந்த ஊரு சாமி.”

யாரும் சிரிக்கவில்லை. மாடு மட்டும் தலையை ஆட்டியது. மனைவிதான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

“ஏங்க, பெரியவன் பெங்களூர்ல இருந்து வர்றேன்னானே?”

“அட ஆமா! மறந்தே போச்சு பாருங்க. வேலைய வுட்டுட்டு மாடியிலயே வந்து இருந்துக்கறேன்னுட்டான். நேத்துதான் போன் பண்ணான்.”

டாக்டர் குடையை எடுத்துக்கொண்டார். வாசலில் ராஜமாணிக்கம் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடிவந்தார். “வெயில்ல நடக்காதீங்கம்மா! எங்க போகணும் சொல்லுங்க, வண்டில கொண்டாந்து வுடறேன்.” வீடு தர முடியாதவர், லிஃப்ட் தருவதில் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

5. இரண்டாவது மகன்

அடுத்த தெருவில் போர்டு தொங்கிய வீடு ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருடையது. கேட்டில் நின்றபடியே, தருமபுரி தகடூராக இருந்த காலத்திலிருந்து வரலாறு முழுவதையும் சொன்னார். என் ஸ்கிரிப்ட்டைவிடச் சுருக்கம், பிழையும் குறைவு. முடித்துவிட்டு, “அது இருக்கட்டும், நீங்க எந்தப் பக்கம்ங்க?” என்றார். ஊர், கிராமம், தெரு என்று அதே படிகளில் இறங்கினார். கடைசிப் படியில் அவருடைய மகனும் பெங்களூருவிலிருந்து கிளம்பிவிட்டான்.

“ரெண்டு பேரும் ஒரே பஸ்லயா சார் வர்றாங்க?” என்று கேட்டேன்.

“எந்த ரெண்டு பேரு?”

டாக்டர் குடை நுனியால் என் செருப்பைத் தட்டினார். நடந்தோம். கஸ்டமரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டும் என்பது விதி. அவர்தான் கேட்டார்.

“ஆப்புல உங்க ஊரு காரிமங்கலம்னு போட்டிருந்துச்சு. அங்கேருந்து பஸ்லயா வர்றீங்க? ஆறரை மணிக்கு இங்க நிக்கணும்னா நாலரைக்கே எந்திரிக்கணுமே. இங்கயே ஒரு ரூம் எடுத்துக்கலாம்ல?”

“நானும் தேடிப் பாத்தவன்தாங்க மேடம்.”

அவர் குடையை என் பக்கமும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார்.

6. கேள்வி இல்லாத வீடு

மூன்றாவது வீட்டுக்காரர் முருகேசன். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். நாங்கள் போனபோது ஒரு காதில் போன், மறு காதில் இன்னொரு போன். இரண்டையும் இறக்காமலே கண்ணால் மாடியைக் காட்டினார். ஏறிப் பார்த்தோம். இரண்டு அறைதான், சமையல்கட்டில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். இறங்கி வந்ததும் முருகேசன் ஒரு போனை மட்டும் வைத்தார்.

“ஒம்பதாயிரத்து ஐநூறு. பத்து மாச அட்வான்ஸ். தண்ணி ஒருநாளு வுட்டு ஒருநாளு வரும்.”

டாக்டர் காத்திருந்தார். முருகேசன் ஒன்றும் கேட்கவில்லை.

“வேற எதாச்சும் கேக்கணுமாங்க?” என்றார் டாக்டர்.

“கேக்கணும். போன்ல அனுப்பறீங்களா, கேஷா?”

காலையிலிருந்து அப்போதுதான் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழாயிரம் எங்கே, ஒன்பதாயிரத்து ஐநூறு எங்கே? கஸ்டமருக்காகப் பேரம் பேசலாம் என்று ஸ்கிரிப்ட்டில் இருக்கிறது.

“அண்ணா, பக்கத்துத் தெருவுல இதவிடப் பெரிய வூடே ஏழாயிரம்தாங்க.”

“அப்ப அங்க போக வேண்டியதுதான தம்பி?” முருகேசனுக்குக் கோபமே வரவில்லை. “போய்ட்டுத்தான வர்றீங்க? எங்கிட்ட வர்றவங்க எல்லாருமே அந்தத் தெருவுக்குப் போய்ட்டு வர்றவங்கதான். அவனுங்க போர்டு மாட்டி வெச்சு எனக்கு ஆளு அனுப்பறானுங்க.”

ஊருக்கே வந்த நோய் அவருக்கு வியாபாரம். யார் என்ன ஆளென்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை இல்லை. எந்தத் தெரு யாருக்குக் கதவைச் சாத்தும் என்று மட்டும் தெரியும். அதற்கு ஒரு ரேட் போட்டு வைத்திருந்தார். எங்கள் ஊரில் நான் பார்த்த ஒரே சமத்துவவாதி அவர்தான். பத்து மாத அட்வான்ஸ் வாங்கினார்.

வேறு வழியில்லை, மறுநாள் காலை லாட்ஜைக் காலி செய்தாக வேண்டும். டாக்டர் அங்கேயே கொஞ்சம் அனுப்பினார், மீதியை மாலைக்குள் தருவதாகச் சொன்னார். சாமான் ஏற்ற உதவிக்குச் சாயந்தரம் நான் போனபோது, காலையில் அவர் கையில் பார்த்த இரண்டு வளையல்கள் இல்லை.

7. ரேட்டிங்

ஐந்து நட்சத்திரம் போட்டார். ‘ஊர் நல்ல ஊர். நடக்க விடவில்லை’ என்று எழுதினார். பிரணவ் சாருக்கு ஒரே சந்தோஷம். அதைப் போஸ்டராக அடித்து, பூ வைத்த டாக்டர் படத்தோடு ஆப்பில் போட்டார். போடட்டும். அந்த உபசரிப்பில் பொய் இல்லை. டீ, பூ, தக்காளி எல்லாமே மனதாரக் கொடுத்தவைதான். ஒரு விருந்தாளியை நூறு அடி நடக்க விடுவதற்கே கூச்சப்படுகிற ஊர் இது. அவர் விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போகும்வரை.

புதிதாகச் சேருகிறவர்களே, நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஸ்கிரிப்ட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் மூன்று கேள்விகளையும் அடித்துவிடுங்கள். நான் அடித்துவிட்டேன். ஏன் என்று பிரணவ் சார் கேட்டார். “அதக் கேக்கறதுக்கு ஊர்ல நிறையப் பேரு சம்பளம் இல்லாமயே இருக்காங்க சார்” என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. கஸ்டமரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எதற்காக நடக்க வந்திருக்கிறீர்கள்? பதிலைக் கேட்டுவிட்டு அந்தத் திசையில் நடங்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அடுத்து வருகிற கஸ்டமருக்கு முன்கூட்டியே சொல்ல உங்களுக்கு உதவும். ராஜமாணிக்கத்தின் மகன் பெங்களூருவிலிருந்து வரவில்லை. அவருக்குப் பிடித்த ஆள் கிடைக்கும்வரை மாடி நான்கு மாதம் பூட்டியே கிடந்தது. டாக்டர் முருகேசன் வீட்டில் இருபத்தாறு மாதம் இருந்துவிட்டு மாறுதலாகிப் போனார். அட்வான்ஸ் முழுவதும் திரும்பி வந்தது. மாதாமாதம் கூடுதலாகக் கொடுத்த இரண்டாயிரத்து ஐநூறு திரும்பி வரவில்லை. ஆக, அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு ராஜமாணிக்கத்துக்கு ஆன செலவு இருபத்தெட்டாயிரம். அதற்குப் பதில் சொல்லாததற்கு டாக்டருக்கு ஆன செலவு அறுபத்தைந்தாயிரம்.