ஸ்லேட்டில் வரையாத மீசை

வடக்கே ஒரு மலை உச்சியில் நட்சத்திரம் பார்க்கிற தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடியைச் செய்தவன் நான்.

சரி, பொய். செய்தது ஒன்பது பேர். நான் அதைச் சுற்றி நடந்தேன். கேலி இல்லை, நடப்பதுதான் வேலை. கல்யாண வீட்டு அண்டா மூடி அகலத்துக்கு ஒரு கண்ணாடியைப் பீப்பாய் மேல் படுக்க வைத்திருப்பார்கள். அதன்மேல் தேய்ப்புத் தட்டை வைத்து முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே சுற்றி வர வேண்டும். செக்குமாடு பார்க்கிற வேலைதான். மாட்டுக்குக் கண்ணைக் கட்டுவார்கள், எனக்குக் கட்டவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு தென்காசிப் பக்கமிருந்து புனேவுக்கு ரயிலேறியவனுக்கு வேறென்ன வேலை கிடைக்கும்?

இன்று நான் குடியிருக்கும் அடுக்குமாடி சொசைட்டியின் மொட்டை மாடியில் தார் காய்ச்சுகிறார்கள். மழைக்கு முன்னால் ஒழுகலை அடைக்க வேண்டுமாம். காலையிலிருந்து அந்த வாடை படி இறங்கி வந்து என் மூக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு திட்டுகிறார். நான் மட்டும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பைத்தியக்காரன் மாதிரி இழுத்து இழுத்து மோந்துகொண்டிருக்கிறேன். எங்கள் தேய்ப்புத் தட்டின் அடியில் இதே மாதிரி ஒரு கீலைத்தான் காய்ச்சி ஊற்றுவோம். சூடாக இருக்கும்போது தேன் மாதிரி ஓடும், ஆறினால் கல். அதன்மேல் ரோஸ் நிறப் பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தடவித் தேய்ப்போம். என் உள்ளங்கை வருஷம் பூராவும் ரோஸ் கலர்தான். "மருதாணி வச்ச ஆம்பளைய இப்பத்தான் பாக்கேன்" என்று கல்யாணமான புதிதில் செல்வி சிரித்தாள்.

தார் வாடை மட்டும் காரணமில்லை. அந்தக் காலத்தில் என்கூட வேலை பார்த்த பத்மா நேற்று போன் செய்தாள். மகனுக்குக் கல்யாணம், பத்திரிகை கொடுக்க இன்று நாலு மணிக்கு சிஞ்ச்வட் வருகிறாள். பேச்சோடு பேச்சாக, "பையன் கேட்டான் அண்ணா, அவ்ளோ பிடிச்ச வேலைய ஏன் விட்டேன்னு. எனக்குக் கண்ணு சரியில்லடா, அதான்னு சொன்னேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவள் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. அது எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் கம்பெனி என்பது இங்கே சிஞ்ச்வட்டில், கார் உதிரிபாகம் அடிக்கிற இரண்டு பட்டறைகளுக்கு நடுவே ஒரு தகர ஷெட். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் போல்ட் அடித்துத் தள்ளுகிறவர்கள், நடுவில் வருஷத்துக்கு ஒரு கண்ணாடி செய்கிற நாங்கள். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எங்களைப் பார்த்து, "என்னப்பா, நிலா ரெடியா?" என்பார்கள். முதலாளியை எல்லோரும் சாஹேப் என்போம். காலேஜ் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்த மனுஷர். தலைமுடி ஒன்றை ஆயிரமாகப் பிளந்தால் வருகிற அளவுக்குக்கூடக் கண்ணாடியில் மேடு பள்ளம் இருக்கக் கூடாது என்பார். வழுக்கைத் தலை அவருக்கு. இத்தனை வருஷமாகப் பிளந்ததில்தான் தீர்ந்துபோச்சு என்று நான் சொல்லி, ஷெட்டே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அந்த மேடு பள்ளத்தைக் கண்டுபிடிப்பதுதான் பத்மாவின் வேலை. புனேவிலேயே, விஷ்ராந்த்வாடியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், அப்பா மிலிட்டரி ஆபீஸில் குமாஸ்தா. பாதித் தமிழும் பாதி மராத்தியுமாகப் பேசுவாள். ஷெட்டின் பின்னால் இருட்டறை. அங்கே கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, ஊசி முனை அளவு வெளிச்சத்தை அதில் விழவைத்து, திரும்பி வருகிற வெளிச்சத்தை ஒரு பிளேடால் மெல்ல மறைப்பாள். அப்போது கண்ணாடி முகத்தில் நிழல் படரும். எனக்கு அது அழுக்குத் துணி மாதிரிதான் தெரியும். அவள், "அண்ணா, இங்க ஒரு சின்ன டேக்டி இருக்கு, பாருங்க" என்பாள். டேக்டி என்றால் மராத்தியில் குன்று. இல்லாத குன்றைக் காட்டுகிறாளே என்று நினைப்பேன். அவள் சொன்ன இடத்தில் தேய்த்தால் மறுநாள் நிழல் சமமாகிவிடும்.

ஒரு வழக்கம் இருந்தது. கண்ணாடிக்குச் சூடு ஆகாது. எங்களிடம் இருந்தது சூடு பட்டால் உப்புகிற ரகம். அதனால் தேய்த்து முடித்ததும் இருட்டறையில் நிறுத்தி, மறுநாள் காலைவரை யாரும் உள்ளே போகக் கூடாது. சாஹேப் பாஷையில், கண்ணாடி தூங்குகிறது. தப்பித் தவறி யாராவது போனால் கதவில் தொங்கும் ஸ்லேட்டில் பேரையும் நேரத்தையும் எழுத வேண்டும். பேர் இருந்தால் பத்மா இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டுத்தான் சோதிப்பாள். மனுஷ உடம்பின் அனல் அடங்க வேண்டுமாம். எனக்கு மராத்தி எழுத்து தெரியாது, என் தமிழ் எழுத்து அங்கே யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு வட்டம், இரண்டு புள்ளி, அடியில் பெரிய மீசை வரைவேன். அதுதான் என் பேர். பத்மா ஸ்லேட்டைப் பார்த்துவிட்டு, "மீசை உள்ள போயிருக்கு, சாய் குடிச்சிட்டு வரேன்" என்று போவாள்.

அந்த மலைக் கண்ணாடி முடிகிற நேரம். வாங்குகிறவர்கள் அந்த வாரமே பார்க்க வருவதாக இருந்தது. அப்போது பார்த்து ஊரிலிருந்து செல்வியின் தம்பி வந்தான். விடிகாலை வண்டியில் இறங்கியவன், வீட்டுக்குப் போகிற வழியில், "அத்தான், நீங்க அங்க என்ன வேல பாக்கிய? ஊர்ல கேட்டா சொல்லணும்லா" என்றான்.

மாடு வேலை என்று மச்சானிடம் எப்படிச் சொல்வது? ஷெட்டுக்குக் கூட்டிப் போனேன். இன்னும் யாரும் வரவில்லை. சாவி ஆணியில் தொங்கியது. இருட்டறையைத் திறந்து, கண்ணாடி முன்னால் நிறுத்தினேன்.

"யாத்தாடி! இது நீங்க செஞ்சதா அத்தான்?"

"பின்ன? எங்கூட ரெண்டு கையாளு உண்டு. ஆனா முடிவு நாஞ்சொல்லுததுதான்."

சொல்லிக்கொண்டே, சந்தையில் மாட்டைத் தட்டிக் கொடுக்கிறவன் மாதிரி உள்ளங்கையைக் கண்ணாடி முகத்தில் பதித்தேன். கதை நீண்டது. சாஹேப் என்னைக் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டார் என்பதுவரை போய்விட்டேன். கதை முடிகிறவரை கை அங்கேயே இருந்தது. பிறகு மெல்லிய துணியால் கைரேகையைச் சுத்தமாகத் துடைத்தேன். கைச்சூட்டைத் துடைக்கிற துணி எங்கே இருக்கிறது?

வெளியே வந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்தேன். அப்பொழுதுதான் கவனித்தேன், மச்சான் பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய இஞ்சினியர் மாதிரி பேசிவிட்டு, பேரெழுதத் தெரியாமல் மீசை வரைவதா? கட்டியை வைத்துவிட்டு அவனை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

நான் திரும்பி வருவதற்குள் பத்மா சோதித்து முடித்திருந்தாள். கை வடிவம் கரைந்து வெறும் மேடாகியிருக்கும்போல. நோட்டில் வட்டம் போட்டுக் காட்டினாள். "நேத்து இது இல்ல அண்ணா. ஆனா இருக்கு, ஸ்பஷ்டமா தெரியுது." ஸ்லேட் காலி, அதனால் ராத்திரி முழுக்கத் தூங்கிய கண்ணாடி என்று எல்லோரும் நம்பினோம். எல்லோரும் என்றால், எட்டுப் பேர். சாஹேப் தேய்க்கச் சொன்னார். யாரை? என்னைத்தான்.

என் கையின் சூட்டை நானே தேய்த்தேன். அழுத்தாமல் பாவனை காட்டியிருக்கலாம். சாஹேப் முழங்கையருகே நின்றார். அதுகூட இல்லை, ஒருவேளை நிஜமாகவே மேடு இருக்குமோ என்று பாதி நம்பவும் ஆரம்பித்திருந்தேன். பொய் சொல்கிறவனுக்கு அந்த வசதி உண்டு.

மறுநாள் கண்ணாடி ஆறியபோது, உப்பல் வடிந்து, நான் தேய்த்த இடத்தில் குழி.

மேட்டைத் தேய்த்துவிடலாம். குழியை ரொப்ப முடியாது. மீதிக் கண்ணாடி முழுவதையும் குழியின் ஆழத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். சாஹேப் எங்களை வரிசையாக நிற்க வைத்து, "யாராவது உள்ளே போனீர்களா?" என்று கேட்டார். பத்மா, "ஸ்லேட் கோரா இருந்தது சாஹேப், நான் பார்த்தேன்" என்றாள். கோரா என்றால் வெறுமை. அவள் குரல் உடைந்திருந்தது. எல்லோரும் மௌனம். அந்த மௌனம் இன்னும் ஒரு நிமிஷம் நீண்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன், சத்தியமாக. ஆனால் மௌனம் எனக்கு ஆகாது.

"எலி போயிருக்கும் சாஹேப். அதுக்கும் என்னை மாதிரி எழுதத் தெரியாது" என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பத்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கேள்வி அந்தச் சிரிப்போடு போய்விட்டது. நான் அடித்த ஜோக்குகளிலேயே நன்றாக எடுபட்டது அதுதான்.

அந்த மழைக்காலம் முழுக்கத் தேய்த்தோம். பொறுமையாக உழைத்தேன் என்று சாஹேப் என் தோளைத் தட்டினார். பத்மாவைக் கடிதம் எழுதுகிற மேஜைக்கு மாற்றினார். கோபமாகக்கூட இல்லை. "உன் கண் அவசரப்படுகிறது, பேட்டி" என்றார், அவ்வளவுதான். பேட்டி என்றால் மகள். அவள் இருட்டறைப் பக்கம் திரும்பவே இல்லை. தீபாவளிக்குப் பிறகு ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சேர்ந்தாள். அப்புறம் கல்யாணம், கோந்த்வாவில் வீடு. இல்லாத மேட்டையா அவள் பார்த்தாள்? இருந்த மேட்டைத்தான் பார்த்தாள். அன்று அந்த ஷெட்டில் சரியாக வேலை பார்த்தது அந்தக் கண் ஒன்றுதான்.

சாஹேப் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. தேய்ப்பு மெஷின்களைப் பழைய இரும்புக்காரன் ஏற்றிப் போனான். ஷெட் இருந்த இடத்தில் பன்னிரண்டு மாடி, கீழே ஜிம். இருட்டறை இருந்த இடத்தில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்து, மனுஷர்கள் தங்கள் மேடு பள்ளங்களைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஸ்லேட் எந்தக் குப்பையில் போனதோ.

வாயால் சொன்னால் நடுவில் எப்படியும் ஒரு எலி வந்துவிடும். அதனால்தான் எழுத்துக்கூட்டி இதை எழுதினேன். பத்மா வந்ததும் கையில் கொடுத்துவிடலாம் என்று கணக்கு. இத்தனை பக்கம் எழுதிய பிறகு இப்போதுதான் உறைக்கிறது: அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், ஒரு எழுத்து படிக்க வராது. இது எனக்கு முதலிலேயே தெரியாதா என்ன? தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன், கள்ளன்.

"ஏங்க, எத்தன மட்டம் கூப்புடுதேன்? பத்மா வந்தாச்சு, செருப்பக் கழட்டிக்கிட்டு நிக்கா. வாரியளா இல்லியா?"

"வாரேன் செல்வி. ஒரு நிமிஷம்."

ஆனால் அவளுக்குப் படிக்கத் தெரிந்த ஒன்று எனக்கு எழுதத் தெரியும். காகிதத்தின் அடியில் வட்டம் போட்டாயிற்று. இரண்டு புள்ளியும் வைத்தாயிற்று. இனி மீசை மட்டும்

"அண்ணா, உள்ள என்ன பண்றீங்க?"