வேண்டுதல் மொட்டை

மொட்டை அடித்துக்கொள்ளும் யோசனை என்னுடையதுதான். அதுவரை என் தலையை நான் முழுசாகப் பார்த்ததில்லை. உச்சியில் ஒரு பள்ளம், பின்னால் ஒரு மேடு, காதுக்கு மேலே சைக்கிளிலிருந்து விழுந்த பழைய தழும்பு. ட்ரிம்மரை அணைத்துவிட்டுத் தடவிப் பார்த்த என் மனைவி, "ரோடு போடாத ஊரு மாதிரி இருக்குடா" என்றாள்.

அவள் தலை அன்று காலையிலேயே வழவழப்பாகிவிட்டது. அழகான உருண்டை. கீமோ ஆரம்பித்தபின் தலையணையெல்லாம் முடி. கொத்துக் கொத்தாகப் பொறுக்கி எறிவதற்குப் பதில் மொத்தமாக எடுத்துவிடு என்று என் கையில் ட்ரிம்மரைக் கொடுத்தவள் அவள்தான். சாயங்காலம் அவள் அம்மாவோடு வீடியோ கால் பேச வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் முடியெல்லாம் போன பிறகுதான் உறைத்தது.

என் மாமியார் ஊரில், கோபிக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறார். எங்கள் சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு ஞாயிறு விடியல். வாசல் தெளித்துவிட்டு வந்து, போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுவார். மாமனார் இல்லை. மாமியாருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அமெரிக்காவுக்கு விசாவும் இல்லை. "இப்ப சொன்னா அந்த வீட்ல ஒத்தையா உக்காந்து அழுதுட்டே கெடக்கும். ஆபரேஷன் உண்டா இல்லியான்னு தெரியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்" என்று என் மனைவி முடிவு செய்திருந்தாள்.

ஆகவே நாங்கள் இருவரும் கோயிலில் முடி கொடுத்ததாகப் பேசி வைத்துக்கொண்டோம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தாற்போல் மொட்டையாக இருப்பதற்கு எங்கள் பக்கத்தில் வேறு காரணமே தேவையில்லை.

நோய் தெரிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு வயிறு உப்பிக்கொண்டே வந்தது. நான் கேஸ் என்று கண்டுபிடித்தேன். மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். "நீ எதுக்குடா ஐடியில இருக்க, ஆஸ்பத்திரி வெச்சிருக்கலாமே" என்றாள். நாங்கள் குடியிருக்கும் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில், டாக்டர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சினைப்பையில் தொடங்கி வயிற்றுச் சவ்வெங்கும் பரவிவிட்டது, முற்றிய நிலை என்றார். முதலில் கீமோ. கட்டிகள் சுருங்கினால் அறுவைச் சிகிச்சை. சுருங்காவிட்டால்? "அதை அப்போது பேசுவோம்."

எதற்கெடுத்தாலும் வாயைத் திறக்கிறவன் நான். அன்றைக்கும் திறந்தேன். "பார்க்கிங் சீட்டுக்கு இங்கேயே சீல் போடுவீர்களா?" என்று கேட்டேன். டாக்டர் என்னைப் பார்த்தார். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். முகம் தெரியாத நோயாளிகளின் ஸ்கேன் முடிவுகளைச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை. ஆகையால் வீட்டில் நான் என்ன பொய் சொல்லித் தேற்றினாலும் செல்லுபடியாகாது. எனக்குத் தெரியாதது எல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. அவள் குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால் கதவுக்கு வெளியே நின்று ஏதாவது மொக்கை ஜோக் சொல்வேன். "போடா டேய்" என்று உள்ளிருந்து சத்தம் வந்தால்தான் அந்த இடத்தைவிட்டு நகர்வேன்.

அந்தச் சனிக்கிழமை மாமியார் எங்களைப் பார்த்ததும் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இதென்னங் மாப்ள, ரெண்டு பேரும்?"

"முருகனுக்கு முடி குடுத்தோமுங்கத்தை."

"அங்கெல்லாம் மொட்ட அடிக்கறாங்களா?"

"கோயிலுக்குப் பின்னால ஒரு அண்ணன் இருக்காருங்க. கத்தி நல்லா ஓடுதுங்க." எனக்கே அந்த அண்ணன் கண்முன் வந்து நின்றார்.

மாமியார் எங்கள் இருவர் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. "என்ன வேண்டுதல்னு நான் கேக்க மாட்டனுங். வெளிய சொல்லக் கூடாது. எனக்குத் தெரியும்."

கல்யாணமாகி மூன்று வருடம் தாண்டிய மகள் முடி கொடுத்தால் அது எதற்காக என்று கோபியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்களுக்குத்தான் அது தோன்றவில்லை. இரண்டு பேரும் படித்தவர்கள் அல்லவா.

அடுத்தடுத்த வாரங்களில் அவர் பழனிக்குப் போய்வந்தார். வாழைப்பழத் தாரைத் தோளில் வைத்தே படியேறியதாகச் சொன்னார். ஸ்டென்டை நினைத்து எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை, பேச்சின் நடுவிலேயே என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். குளியலறையிலிருந்து வந்த சத்தம் போனில் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். நம் சினிமா பார்த்து வளர்ந்த எந்த அம்மாவுக்கும், வாந்தி எடுக்கும் மகளுக்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு.

"மாப்ள..." மாமியாரின் குரல் உடைந்தது. "எத்தன நாளாச்சுங்?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற என் வாய், அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. நான் வெட்கப்படுவதாக எடுத்துக்கொண்டு அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "சரி சரி, சொல்ல வேண்டாமுங். மூணு மாசம் முடியட்டும். பப்பாளிகிட்டப் போக உடாதீங்."

முகம் கழுவிக்கொண்டு வந்தவளிடம் சொன்னேன். அவள் சோபாவில் உட்கார்ந்து மொட்டைத் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். "அப்பா போனதுக்கப்பறம் அம்மா இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லடா. ஸ்கேன் வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்."

ஸ்கேன் எடுத்தார்கள். இங்கே ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் கூப்பிடுவதற்கு முன்பே முடிவு ஆஸ்பத்திரி ஆப்பில் வந்து உட்கார்ந்துவிடும். என்னையும் அதில் சேர்த்துவிட்டிருந்தாள். யாரும் தனியாகத் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. புதிய பரிசோதனை முடிவு. வெளியே மரங்கள் ஓடின. பக்கத்தில் ஒருவர் பிரெட்டைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பசிக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கண்டக்டர் வந்தார். டிக்கெட்டைக் காட்டுவதற்குப் பதிலாக அந்த ஆஸ்பத்திரி ஆப்பை அவரிடம் நீட்டினேன். பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தோளில் லேசாகத் தட்டிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அவர் டிக்கெட் கேட்டுச் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறங்கி, காரை எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் வரிசை வரிசையாக நடந்தேன்.

வீட்டில் அவள் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். போன் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. "தெறக்கலடா. ப்ராமிஸ்" என்றாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் திறந்து வாசிக்க, நான் அவள் முகத்தை வாசித்தேன். வேலையில் எப்படி வாசிப்பாளோ அப்படித்தான் வாசித்தாள், புருவத்தைச் சுருக்கி, யாரோ ஒருத்தியின் ஸ்கேன்போல.

"சுருங்கியிருக்கு."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"முழுசா போகல. கல்லீரல் ஓரத்துல இன்னும் இருக்கு. ஆனா ஆபரேஷன் பண்ணுவாங்கன்னு நெனைக்கறேன்." போனை வைத்தாள். "கர்ப்பப்பை, சினைப்பை எல்லாத்தையும் எடுத்துருவாங்கடா."

கொஞ்ச நேரத்தில் டாக்டரும் கூப்பிட்டு அதையேதான் சொன்னார். பெரிய அறுவைச் சிகிச்சை, திறந்து பார்த்த பிறகுதான் மிச்சம் தெரியும் என்று கூடுதலாக ஒரு வரி. அந்த வரி அன்றிலிருந்து என்னோடுதான் குடியிருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை. மாமியார் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "கண்ணு, வாந்தி நின்னுருச்சா?"

"அம்மா, கொழந்த இல்லம்மா." என் மனைவி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். நோயின் பெயர், மருந்து, ஆபரேஷன், இனி குழந்தை கிடையாது என்பது எல்லாம். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் மாமியாரின் அந்த ஸ்டென்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ திரையில் அது தெரியும் என்பதுபோல.

"அப்ப முடி?"

"தானா கொட்டுச்சும்மா."

"மாப்ளைக்கு?"

"அவரு எனக்காகச் சும்மா அடிச்சுக்கிட்டாரும்மா."

"போன வெச்சுராதீங்" என்றார். அதைக் கட்டிலில் மல்லாக்கப் போட்டுவிட்டு எழுந்து போனார். திரையில் கூரையும் மெதுவாகச் சுற்றும் ஃபேனும் மட்டும். தூரத்தில் தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம். அதற்கு அடியில் வேறொரு சத்தம். என் மனைவி திரையைத் தொடப் போய்க் கையை எடுத்துக்கொண்டாள். அங்கே போய் அவரைப் பிடித்துக்கொள்ள யாருமில்லை. நாங்கள் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்குத் தாங்கவில்லை. என்னிடம் இருப்பது ஒரே சரக்குதான்.

"அத்தை," என்று சத்தமாகக் கூப்பிட்டேன். "ஃபேன் றெக்கையில ஒட்டடையாத் தொங்குதுங்."

குழாய் நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம். அது சிரிப்பா, அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"எனக்கெட்டாதுங் மாப்ள," என்றது குரல், இன்னும் தூரத்திலிருந்தே. "அவளக் கூட்டீட்டு வந்து நீங்களே தொடச்சுக் குடுங்."

"வர்றமுங்கத்தை" என்றேன்.

வாக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆபரேஷன் வருகிற வாரம். என் தலையில் முள் முள்ளாக முடி முளைத்துவிட்டது. மறுபடி வழித்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை வேண்டிக்கொண்டே.