சாரல் மாதத்தில் அளந்த தெரு

என் மனைவி கடையத்தில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். தென்காசிக் கடைத்தெருவில் எங்களுக்கு மாடி வீடு. கீழே பஸ்ஸும் லாரியும் நகராமல் உறுமிக்கொண்டு நிற்கும். இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள். புகை எங்கே போகும்? அவள் நெஞ்சுக்குள்தான் போனது. இளைப்பு தாங்காமல் அக்காவிடம் போய்விட்டாள்.

அந்தப் புகையைக் கணக்கிடுவதுதான் என் வேலை. வெட்கக்கேடு. வண்டிகளின் எண்ணிக்கை, தெருவின் அகலம், கட்டட உயரம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கொடுத்தால், எங்கே எவ்வளவு புகை தேங்கும் என்று படம் போட்டுக் காட்டும்; குறைவென்றால் பச்சை, அதிகமென்றால் சிவப்பு.

எங்கள் தெருவை ஆடி மாதம் அளந்தோம். குற்றாலத்துக்குப் போகிற வண்டியெல்லாம் அடைத்துக்கொண்டு நின்றன. படத்திலோ தெரு முழுக்கப் பச்சை. எங்கள் மாடியும் பச்சை. சீசனிலேயே இப்படி என்றால் மற்ற மாதங்களில் இன்னும் நன்றாக இருக்கும் என்று முட்டாள்தனமாக நம்பினேன். அன்றே அவளைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, நம்ம தெரு பச்சையாக் காட்டுது. கெளம்பி வா."

"ஒங்க கம்ப்யூட்டருக்கு இளைப்பு வருமாக்கும்?" என்று சிரித்தாள். ஆனால் வருவதாகச் சொன்னாள். அக்கா மகளுக்குக் காலாண்டுப் பரீட்சை முடியட்டும் என்றாள். நான் அவள் தலையணையை வெயிலில் போட்டு எடுத்தேன். ஜன்னலுக்குப் புதுத்துணி தைத்து மாட்டினேன்.

புரட்டாசியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று நின்றது. நான்கே நாளில் அந்த ஜன்னல் துணி கறுத்துவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, அந்த மாதத்துக் காற்றைப் போட்டுப் பார்த்தேன். மாடி சிவப்பாக வந்தது. ஆடியில் புகையைத் தள்ளிக்கொண்டு போனது காற்றுதான். மேலதிகாரியிடம் காட்டினேன். ரிப்போர்ட் போய்விட்டது, இனிமேல் எதற்கு வம்பு என்றார். அவரைத் திட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஆனால் அவளை வரச் சொன்னது அவர் இல்லையே.

வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தாள். மாடி சிவப்பு என்று புதன்கிழமையே எனக்குத் தெரியும். இரண்டு நாள் சொல்லவில்லை. அவள் வரப்போகிறாள் என்ற நினைப்போடு இன்னும் இரண்டு நாள் இருந்துகொள்ள ஆசைப்பட்டேன். வெள்ளிக்கிழமை காலையில்தான் கூப்பிட்டேன்.

"வராண்டாம்."

"துணியெல்லாம் எடுத்து வச்சாச்சே."

"திரும்ப அலமாரில வையி. கணக்கு தப்பாப் போச்சு."

"நீங்க சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள். அதற்கும் எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் கடையம் போனேன். அவள் துணிப்பை கட்டிலடியில் ஜிப் போட்டபடியே இருந்தது. அவள் பிரிக்கவில்லை.