மரத்திரையின் நிழல்

அலுவலகங்களுக்கு விளக்கு அமைத்துக் கொடுப்பது அவள் தொழில். வெளிச்சத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்று எந்நேரமும் கழுத்தில் தொங்கியதால், கூட வேலை செய்பவர்களுக்கு அவள் மீட்டர் அக்கா. பல்புக் கடையில் பத்து வருடம் நின்றவள், பிறகு படித்து, சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பாள். "மாப்பிள்ளையையும் கொஞ்சம் பாரேன்" என்பான் அவள் கணவன்.

ஒரு காப்பீட்டு நிறுவனம் புது அலுவலகம் கட்டியது. ஊரின் பழைய வீட்டு ஜன்னல்களில் இருக்கும் பூவேலையைப் போலவே செதுக்கி, கூடத்தின் நடுவில் பெரிய மரத்திரை ஒன்றை நிறுத்தினார்கள். அதன் பின்னால் விளக்கு வைக்கலாம் என்றது அவள்தான். சுவிட்சைப் போட்டதும் மேசை, தரை, சுவர் எங்கும் பூ நிழலாகப் படர்ந்தது. முதலாளி அன்றே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். பத்திரிகை அட்டையில் படம் வந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மாதம் கழித்து, பழுதான விளக்கு ஒன்றை மாற்ற அங்கே போனாள். திரைக்குப் பக்கத்து மேசையில் கோப்பு சரிபார்க்கும் அம்மா, ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி, அதற்குள் காகிதத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு டார்ச் எரிந்தது.

"என்னம்மா இது?"

"உங்க பூதான். காகிதத்து மேல விழுது. எட்டு எது, மூணு எதுன்னே தெரியல."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேன். பத்திரிகையில வந்த விளக்கு, உங்களுக்கு மட்டும் பிடிக்கலையான்னு கேட்டாங்க."

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பக்கம் படித்தாள். கண்ணில் நீர் கட்டியது. திட்டம் போட்டபோது ஒரு தடவைகூட அங்கே உட்கார்ந்ததில்லை. நின்றபடியே அளந்துவிட்டுப் போயிருந்தாள். முகம் சுண்டிப்போனது.

நேராக முதலாளியிடம் போனாள்.

"வர்றவங்க எல்லாம் அதைத்தான் போட்டோ எடுக்கறாங்க. அதுல கை வைக்காதீங்க" என்றார் அவர்.

"தப்பு என்னோடது சார். பூ மேசை மேல விழாம பண்றேன். பிடிக்கலேன்னா பழையபடியே வெச்சுத் தர்றேன்."

அரைமனதாகத் தலையாட்டினார்.

விளக்குகளைத் திரையின் அடிக்கு இறக்கி, மேல்நோக்கிச் சாய்த்தாள். முதல் நாள் ஏ.சி. குழாய்கள் குறுக்கே வந்து பூவெல்லாம் துண்டு துண்டாகத் தெரிந்தது. இரண்டாம் நாள் சாய்வை மாற்றியதும் குழாய்களைத் தாண்டிக் கூரையில் போய் விழுந்தது. ஒவ்வொரு மேசைக்கும் தனி விளக்கு போட்டாள்.

முதலாளி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "முன்ன மாதிரி இல்ல."

"இல்லதான் சார்."

உண்மைதான்; பூக்கள் மங்கிப்போயிருந்தன. ஆனாலும் பழையபடி மாற்றச் சொல்லி அவர் கேட்கவில்லை. கோப்பு அம்மா மேசை நடுவில் காகிதத்தை விரித்துவைத்து வேலை பார்த்தார்.

அதன்பிறகு எந்த வேலைக்கும், திட்டப்படம் வரையும் முன் ஒரு முழுநாள் கேட்பாள். ஒவ்வொருவர் இடத்திலும் உட்கார்ந்து பார்ப்பாள். "இதுக்கெல்லாம் ஒரு நாளா?" என்று இரண்டு பேர் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். போன மாதம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பதினோரு நாற்காலி. ஒன்றின் கால் ஆடியது. அதையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.