அண்ணி கேட்காத கேள்வி

ராணுவக் குடியிருப்பு வீடுகள் எந்த ஊரிலும் ஒரே அச்சு. அதே வெளிர்பச்சைச் சுவர், கதவுக்கு இடப்பக்கம் அதே சுவிட்ச். விடியலில் கண் விழித்தால் எந்த ஊரில் படுத்திருக்கிறேன் என்று எனக்குச் சட்டென்று பிடிபடாது. ஜன்னல் திரை மெல்ல உப்பி அடங்குவதைப் பார்த்தபடி, கொஞ்ச நேரம் எல்லா ஊரிலும் இருப்பேன். அண்ணன் ஒருமுறை பக்கத்து வீட்டுக்குள் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, "டீ இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். அந்த வீட்டம்மா கொடுத்தும்விட்டாளாம்.

அப்பா அம்மா போனபிறகு நான் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டேன். அண்ணன் ராணுவத்தில் மெக்கானிக். அண்ணி மனநல ஆலோசகர். சண்டைக்குப் போய்த் திரும்பியவர்களும் அவர்கள் வீட்டாரும்தான் அவளிடம் வருவார்கள். அண்ணனுக்கு மாற்றல் வந்து மாநில எல்லையைத் தாண்டினால் பழைய மாநிலம் கொடுத்த அவளுடைய ஆலோசகர் உரிமம் வெறும் காகிதம். மறுபடி பரீட்சை, மறுபடி காத்திருப்பு. முகாம் மருத்துவமனை வராந்தாவில் ஆலோசகர் இல்லாமல் சனம் காத்துக் கிடக்கும். ஆலோசகரோ வீட்டில் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பாள். இந்தக் கூத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

இதனால் அண்ணிக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எவரிடமும் ஆழமாகக் கேட்க மாட்டாள். தூக்கம், சாப்பாடு, மூச்சுப் பயிற்சி, அதோடு சரி. லாரி ஓட்டும் வீரர் ஒருவர் வருவதாகப் பெயர் சொல்லாமல் ஒருநாள் சொன்னாள். உட்கார்ந்ததும், "அன்னைக்குக் காலையில..." என்று ஆரம்பிப்பாராம். உடனே இவள், "ராத்திரி தூங்கினீங்களா?" என்று பேச்சை மாற்றிவிடுவாளாம்.

"ஏன் அண்ணி, அவரா சொல்ல வர்றாரு, வாயை அடைக்கிறீங்களே?"

"திறந்துவிட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிட்டா? பாதியில விட்டா அந்த மனுஷன் தாங்க மாட்டாரு. உங்கண்ணன் எப்ப மூட்டை கட்டுவாருன்னு யாருக்குத் தெரியும்?" பிறகு, "இப்பல்லாம் அவரு ஆரம்பிக்கிறதே இல்ல," என்றாள்.

அவள் கண் கலங்கியது. என்னை வம்புக்கிழுக்காமல் அவளுக்குப் பொழுது போகாது. அன்று நான் வலியப் போய்ச் சீண்டியும், துணி மடிப்பதிலேயே குறியாக இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சட்டம் வந்தது. ராணுவத்தினரையும் அவர்கள் குடும்பங்களையும் பார்க்கும் ஆலோசகர்களின் உரிமம் இனி நாடு முழுக்கச் செல்லும். ஊர் மாறினாலும் பழையவர்களைத் தொலைபேசி வழியாகத் தொடர்ந்து பார்க்கலாம். டிவியில் செய்தி வாசித்தவருக்கு அது வானிலைக்கு முன்னால் ஒரு வரி. அண்ணி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"நிஜமாவா சொன்னான்? உன் காதுலயும் விழுந்துச்சா?"

"விழுந்துச்சு அண்ணி. குழம்பு தீயுது."

மாற்றலும் வந்தது. புது வீடு, அதே பச்சைச் சுவர். பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தன. மதிய வெயில் திரை வழியே வடிந்து, அறையே தண்ணீருக்குள் இருப்பது போலிருந்தது. அண்ணி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தாள். நான் கதவைச் சாத்தப் போனபோது அவள் குரல் கேட்டது.

"அன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சு? சொல்லுங்க, நான் இருக்கேன்."

சாத்திவிட்டு, அவளுக்கான டீயை எடுத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். போட்டு வைத்த டீ ஆறிப்போன பிறகு அண்ணி வெளியே வந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

"முடிஞ்சுதா அண்ணி?"

"இல்ல, பாதிதான்." என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறின டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "மீதி அடுத்த வாரம்."