தண்ணீர் பட்டால் பற்றும் விளக்கு

என் கொழுந்தனார் கப்பலில் இஞ்சினியர். தீபாவளிக்கு லீவு கிடைத்தால் மலேசியாவில், பாடாங் செராயில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். அவர் வந்துவிட்டால் என் மகள் கண்ணுக்கு நான் தெரியவே மாட்டேன். நானோ பல வருஷமாக இடைநிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். நான் புத்தகத்தைத் திறந்தாலே அவளுக்குக் கொட்டாவி வரும். சித்தப்பா வாயைத் திறந்தால் மட்டும் வைத்த கண் வாங்கமாட்டாள். சொல்ல வெட்கமில்லை, எனக்கு வயிறு எரியும்.

போன தீபாவளிக்கு மறுநாள் அவர் அளந்தது கடல் விளக்குக் கதை. இப்போதெல்லாம் பேட்டரி விளக்குதானாம். அவர் முதலில் ஏறிய பழைய சரக்குக் கப்பலில், மிதவை வளையத்தோடு ஒரு தகர டின்னைக் கட்டி வைத்திருந்தார்களாம். ராத்திரியில் ஆள் கடலில் விழுந்தால், இருக்கும் இடம் தெரிய இரண்டையும் சேர்த்து வீச வேண்டும். டின்னுக்குள் தண்ணீர் புகுந்ததும் தானாகத் தீப்பிடிக்குமாம். மழைக்கும் அலைக்கும் அணையாதாம்.

"எப்படி சித்தப்பா?" என்றாள் மகள்.

"கார்பைட் லா. தீபாவளிக்கு மூங்கில் குழாயில தண்ணியோட போட்டு வெடிப்போமே, அதே சாமான்தான்."

பாதி பதில். சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டேன். மீதி என்னிடம் இருந்தது, சொல்லவில்லை. யாராவது கேட்டால்தானே?

அவர் அத்தோடு விடவில்லை. தெரிந்த வெல்டிங் கடையிலிருந்து ஒரு கார்பைட் கட்டியை வாங்கி வந்து, கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டார். புஸ்ஸென்று நுரைத்தது, நாற்றம் குடலைப் பிடுங்கியது, நெருப்பு மட்டும் வரவில்லை. மூங்கில் வெடிக்கே ஓட்டையில் கொள்ளி காட்டினால்தானே வெடிக்கும்? கடலுக்குப் போனவருக்கு அது மறந்துபோயிருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குளுகுளுப்பு.

"அண்ணி, நீங்க டீச்சராச்சே. ஏன் பத்த மாட்டேங்குது?"

கையைத் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் வெளியே வந்தேன். கார்பைடிலிருந்து வருவது அசிட்டிலின், நன்றாக எரியும், ஆனால் தானாகப் பற்றாது என்றேன். அந்த டின்னில் கால்சியம் பாஸ்பைடும் இருந்திருக்கும். தண்ணீர் பட்டால் அதிலிருந்து வரும் வாயு, காற்றுப் பட்டதுமே தீப்பிடித்து மற்றதையும் கொளுத்திவிடும். "இந்த நாத்தம்கூட அந்த வாயுதான். கார்பைட்ல கொஞ்சூண்டு கலந்திருக்கும், பத்துற அளவுக்கு இல்ல."

மகள் வாளியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்க்கிற அதே பார்வை. எத்தனை நாள் ஏங்கியிருப்பேன் அதற்கு!

"இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றாள். பிறகு, "நீங்க அந்த விளக்கு எரிஞ்சு பார்த்திருக்கீங்களா?"

"இல்லை" என்றேன்.

அவள் அவர் பக்கம் திரும்பிவிட்டாள். "நீங்க சித்தப்பா?"

"ஒரே ஒரு தடவ. எங்க ஆளு ஒருத்தன் விழுந்துட்டான்..."

உள்ளே அடுப்பில் குழம்பு இருந்தது. போகத்தான் நினைத்தேன். அவர்மேல் இருந்த எரிச்சல் கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம்?" என்றேன்.