வாசிக்கிற மேளம்

அன்பான உறவுகளே, நீங்கள் ஒருவரும் நம்பப்போகாத கதையொன்றைச் சொல்வேன் என்று இத்தால் உறுதியளிக்கிறேன்.

மெஷின் எண்ணெயும் சாம்பிராணியும் கலந்த ஒரு மணம்...

எண்பதுகளின் நடுப்பகுதி. கொழும்பு வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்திருந்தேன். சண்டிலிப்பாய்த் தோட்டங்களில் எரிந்துபோகிற தண்ணீர்ப் பம்புகளுக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை போடுவது என் திட்டம். கம்பி சுற்ற ஒரு நல்ல மோட்டார் வேண்டும். அது இல்லையென்றால் கடையும் இல்லை.

அந்த நேரம் கொழும்புக் கந்தோர் ஒன்றில் ஒரு பழைய கொம்பியூட்டரைக் கழித்தார்கள். அங்கே வேலை செய்த சிநேகிதன் அதன் மெமரி ட்ரம்மை, அதைச் சுழற்றும் மோட்டாரோடு லொறியில் ஏற்றிவிட்டான். அந்தக் காலத்துக் கொம்பியூட்டரின் ஞாபகசக்தி முழுவதும் அந்த உலோக உருளையில்தான். வாளி அளவு இருக்கும். பாரமோ... லொறி ஆனையிறவுக் கடல்பாதையைத் தாண்டும்போது கடல் இரண்டு அங்குலம் ஏறியது. இறக்கிய பிறகு லொறி தரையில் நிற்க மாட்டாமல் மிதந்தது. இத்தனை பாரத்துக்கும் அது ஞாபகம் வைத்திருக்கக்கூடியது ஒரு கலியாண அழைப்பிதழும் அதற்கு வந்த மறுமொழியும்தான்.

வழியில் மழை. பெட்டியில் என் பெயர் அழிந்துபோய், ஊரின் பெயரும் 'மெமரி ட்ரம்' என்பதும் மட்டும் மிஞ்சின. லொறிக்காரர் சந்தியில் நின்ற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் விசாரித்திருக்கிறார்.

"மெமரி எண்டால் ஞாபகார்த்தம். ட்ரம் எண்டால் மேளம். இண்டைக்குத் தவில் வித்துவான்ரை வீட்டிலை அந்தியேட்டியெல்லே. அங்கை கொண்டுபோய் இறக்கும்."

விசயம் தெரிந்து நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, முப்பத்தொரு நாளுக்கு முன் காலமான வித்துவானின் படத்துக்குக் கீழே என் உருளை பூமாலையோடு இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி மணியக்கா.

"பாத்தியே தம்பி, கொழும்பிலையும் ஆரோ இவரை நினைச்சிருக்கினம். ஒரு குறைதான், தோல் போட மறந்திட்டினம்."

வாய் திறந்தால் பொய் சொல்லுகிறவன் நான். அன்று பார்த்து உண்மை வந்துவிட்டது.

"அக்கா, இது எனக்கு வந்த சாமான். கொம்பியூட்டரின்ரை ஞாபகம் இதிலைதான் கிடக்கும். சுத்தவிட்டால் பக்கத்திலை இருக்கிற ஊசியள் வாசிக்கும்."

"வாசிக்குமோ?"

எழுத்தை வாசிப்பதைத்தான் நான் சொன்னேன். அக்காவின் காதில் விழுந்தது வேறு வாசிப்பு.

"இவர் வாசிச்சதும் உதுக்குள்ளை கிடக்குமோ, தம்பி? ஒருத்தரும் டேப்பிலை பிடிச்சு வைக்கேல்லை."

'ஓம்' என்றால் என் மோட்டார் அங்கேயே நின்றுவிடும். 'இல்லை' என்றால் அந்த மனிதர் இரண்டாம் தடவை போய்விடுவார்...

"இல்லை அக்கா."

அக்கா உருளையில் சரிந்து கிடந்த பூமாலையை நேராக்கிவிட்டார்.

"அப்ப சுத்திற சாமானை நீ கழட்டிக்கொண்டு போ. மேளம் இருக்கட்டும். இவ்வளவு சனமும் கும்பிட்டிட்டுது. இனி எடுத்தால் இவரின்ரை மரியாதை என்னாகிறது?"

அந்த மோட்டாரை வைத்து வலிகாமத்துப் பம்புகள் அத்தனைக்கும் கம்பி சுற்றினேன். அந்தக் கம்பியை நீட்டிப் பிடித்தால் அதிலேயே சந்திரனுக்குப் போய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பலாம்.

இன்றைக்கு என் சட்டைப்பைப் போனுக்குள் ஆயிரம் கச்சேரி கிடக்கிறது. பாரமே தெரியவில்லை. அவருடைய தவில் மட்டும் எங்கே தேடியும் இல்லை...

சரி, கடல் ஏறினது, லொறி மிதந்தது எல்லாம் என் கைச்சரக்கு. ஆனால் மோட்டாரைக் கழற்றி முடித்து நான் நிமிர்ந்தபோது, மணியக்கா அந்த உருளையை ஒரு விரலால் மெல்லத் தட்டிவிட்டு, காதைக் கிட்டக் கொண்டுபோய் வைத்திருந்தார்.

அது மட்டும் உண்மை.